முஸ்தகீம் பெயர் போட்ட விண்ணப்பம்

பலுவா ஆற்றில் ஒன்பது மாதம் மணல்தான் ஓடும். மீதி மூன்று மாதத்தில் அது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. வடக்கே மலையடிவாரத்தில் மழை கொட்டினால், நேபாளத்தில் எங்கள் ஊரான ராஜ்பிராஜில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு நிறைந்து போகும். அங்கிருந்து எல்லையைத் தாண்டி பீகாருக்குள் நுழைய இன்னும் சில மணி நேரம். அந்தச் சில மணி நேரத்தை நம்பித்தான் ஏழு வருடம் எங்கள் வேலை நடந்தது.

வேலை என்று சொல்கிறேனே தவிர, அதற்குச் சம்பளமும் கிடையாது, பெயரும் கிடையாது. எல்லைக்கு எங்கள் பக்கம், கைர்பாடியில் ஆற்றுப் பாலத்தை ஒட்டி சுக்மாயா தனுவார் டீக்கடை வைத்திருந்தாள். பாலத்தின் தூணில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடு உண்டு. தண்ணீர் சிவப்பைத் தொட்டதும் அவள் அடுப்பை விட்டு எழுந்து, கமல்டீஹ் என்ற பீகார் கிராமத்தில் செல்போன் பழுது பார்க்கும் முஸ்தகீமைக் கூப்பிடுவாள். அவன் கடையை அப்படியே போட்டுவிட்டு மசூதிக்கு ஓடி ஒலிபெருக்கியில் சொல்வான். பத்து நிமிடத்தில் ஊர் முழுக்கக் கேட்கும். ஆற்றங்கரை மேட்டுக்கு உள்பக்கம், ஆற்றை ஒட்டித் தனியாக இருக்கும் தெற்குத் தோலா என்ற குடியிருப்பின் நாற்பது குடிசைகளுக்கும் கேட்கும். ஆட்கள் ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு மேட்டில் ஏறிவிடுவார்கள். இரண்டு பேரையும் எங்கள் அமைப்பின் ஆள் ஒருவர் ஒரு வெள்ள வருடத்தில் போனில் இணைத்துவிட்டார், அவ்வளவுதான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

எங்கள் அமைப்பு என்றால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை, நான்கு பேர். தலைவர் உபேந்திர பாபு. எனக்கு ஆங்கிலம் ஓரளவு எழுத வரும் என்பதால் விண்ணப்பம் எழுதும் வேலை என்னுடையது. என் பெயர் நூதன்.

ஹோலிக்கு ஒரு வாரம் முன்னால் உபேந்திர பாபு ஒரு காகிதத்தை நீட்டினார். எங்கோ இருக்கும் ஒரு பணக்கார நாட்டு அரசாங்கம் நிதியுதவி அறிவித்திருந்தது. அண்டை நாடுகளின் மக்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பொதுப் பிரச்சினையைத் தீர்ப்பதாக இருந்தால் விண்ணப்பிக்கலாம். குறைந்தது இரண்டு நாடு இருக்க வேண்டும்.

"நம்மள பாத்து எழுதின மாதிரியே இருக்கு நூதன். இத விட்டா நமக்கு வேற எப்ப கிடைக்கும்?" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தானாக அளவு காட்டும் கருவிகள், ஒலிபெருக்கிக்கு மின்கலம், சுக்மாயாவுக்கும் முஸ்தகீமுக்கும் மாதம் ஒரு சின்னத் தொகை, மின்சாரம் இல்லாவிட்டாலும் ஒலிக்கும் சங்கு என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். ஐந்து வாரத்தில் பதில் வந்தது. முதல் சுற்றில் தேறிவிட்டோம், முழு விண்ணப்பம் அனுப்பலாம். அன்று உபேந்திர பாபு கச்சோரியும் ஜிலேபியும் வாங்கி வந்தார். கீழே இருந்த தையற்கடைக்காரருக்குக்கூட ஒரு பொட்டலம் போனது.

அதற்கப்புறம் நான் பட்ட பாட்டை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. முதலில் அந்த நாட்டின் இணையதளத்தில் அமைப்பைப் பதிவு செய்து ஓர் எண் வாங்க வேண்டும். எங்கள் பழைய பதிவுச் சான்றிதழில் ராஜ்பிராஜ் ஏழாவது வார்டு என்று இருந்தது. நாட்டில் நிர்வாகத்தை மாற்றி அமைத்தபோது வார்டுகளுக்குப் புது எண் வந்தது, நாங்கள் எட்டாவது வார்டாகிவிட்டோம். வங்கியில் எட்டு. பதிவில் ஏழு. இரண்டும் ஒரே இடம்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். மின்சாரக் கட்டண ரசீதை அனுப்பினேன். அது வீட்டுக்காரரின் அப்பா பெயரில் இருந்தது. அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அந்த மனிதருக்கும் உங்கள் அமைப்புக்கும் என்ன உறவு என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது.

வார்டு அலுவலகத்துக்கு ஆறு முறை போனேன். கடிதம் தருகிறேன் என்ற எழுத்தர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். கடிதம் வந்ததும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பில் எங்கள் அமைப்பின் பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டது. உதவி மையத்துக்கு எழுதினால் ஒவ்வொரு முறையும் வேறொருவர் பதில் போடுவார். எல்லாப் பதிலும் ஒரே மரியாதையோடு, ஒரே வாக்கியத்தில் தொடங்கும். முந்தின ஆளிடம் சொன்னதை எல்லாம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் உட்கார்ந்திருப்பது ஏழா எட்டா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எண் கிடைத்தபோது கடைசித் தேதிக்கு இருபது நாள்தான் மீதி.

அடுத்தது, இரு நாட்டுக் கூட்டாளிகளும் கூடிப் பேசியதற்குப் புகைப்படமும் கையெழுத்துப் பட்டியலும் வேண்டும் என்றிருந்தது. அதனால்தான் சுக்மாயாவையும் முஸ்தகீமையும் ராஜ்பிராஜுக்கு வரவழைத்தோம். சுக்மாயா பேருந்தில் வந்தாள், மடியில் ஆற்று மீன் கருவாட்டுப் பொட்டலம். முஸ்தகீம் எல்லை தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்தான். முப்பத்தைந்து வயது, ஒல்லி, சட்டைப் பையில் குட்டித் திருப்புளி. இருவரும் வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போன்ல கேட்டா பெரிய மீசைக்காரன் மாதிரி இருந்துச்சு. இப்படி ஊதுனா பறக்குற மாதிரி இருக்கியே தம்பி" என்றாள் சுக்மாயா.

"நீங்க மட்டும் என்னவாம்? போன எடுத்தாலே நான் எந்திரிச்சு நின்னுதான் பேசுவேன், யாரோ பெரிய போலீஸ் அதிகாரின்னு நெனச்சு" என்றான் அவன்.

அவளுடைய பழைய போனை வாங்கி அங்கேயே பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தான். மதியம் சோறும் பருப்பும் பூசணிப்பூ வறுவலும் சாப்பிட்டுக்கொண்டே, எந்த வருடத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் இறங்கியது என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் கோப்புகளில் இல்லாத விவரமெல்லாம் அந்தப் பேச்சில் இருந்தது. நான் புகைப்படம் எடுத்தேன். விண்ணப்பத்தில் போட்டதும் அதுதான்.

கடைசியாக ஒரே ஒரு காகிதம் பாக்கி. கூட்டாளி நாட்டின் உள்ளூர் அதிகாரி ஒருவர் இந்த முயற்சியை ஆதரிப்பதாகக் கடிதம். இந்தியப் பக்கத்தில் வெளிநாட்டுப் பணம் வாங்கத் தனி அனுமதி வேண்டும், முஸ்தகீமுக்கு அது கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் பணம் எதுவும் அவன் கைக்குப் போகாது, பொருளாகத்தான் போகும் என்று எழுதியிருந்தோம். ஆனால் கடிதம் இல்லாமல் விண்ணப்பத்தைப் பார்க்கவே மாட்டார்கள்.

இந்தியில் ஒரு மனு எழுதி முஸ்தகீமிடம் கொடுத்தேன். அவன் அதை இரண்டு முறை படித்தான்.

"அக்கா, இது இல்லாம முடியாதா? இப்ப யாருக்கும் தெரியாம நல்லாத்தானே நடக்குது" என்றான்.

"தெரியணும் முஸ்தகீம். தெரிஞ்சாத்தான் நெலச்சு நிக்கும். நாளைக்கு நீ ஊர்ல இல்லன்னா யாரு சொல்லுவா?"

அவன் தலையை ஆட்டினான். மனுவை மடித்துத் திருப்புளி இருந்த பையில் வைத்துக்கொண்டான். அவனுக்கு மனமில்லை என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கடைசித் தேதி என் தலைக்குள் உட்கார்ந்திருந்தது.

அவன் அந்தப் பக்கத்து வட்ட அதிகாரியின் அலுவலகத்துக்கு நாலு நாள் போனான். மனுவை வாங்கிக்கொண்டு 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்திய நகலைத் திருப்பித் தந்தார்கள். கடிதம் தரவில்லை. உபேந்திர பாபு யோசித்து, முத்திரை இருக்கிறதே, அதையே இணைத்துவிடலாம் என்றார். கடைசித் தேதியன்று மத்தியானம் மூன்று முறை இணையம் போய்ப் போய் வந்தது. நாலாவது முறை ஏறிவிட்டது. முஸ்தகீமின் முழுப் பெயர், அப்பா பெயர், ஊர், போன் எண், சுக்மாயாவோடு அவன் சிரிக்கும் படம், முத்திரை குத்திய மனு எல்லாமே அதில் இருந்தன.

பதினைந்து நாள் கழித்து கமல்டீஹுக்கு போலீஸ் வந்தது.

யாரும் அடிக்கவில்லை, கைது செய்யவும் இல்லை. மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், அங்கே ஒருவர் கேள்வி எழுதி, அது காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறது. ஏழு வருடமாக வெளிநாட்டிலிருந்து உனக்கு யார் தகவல் தருகிறார்கள், நீ என்ன தகவல் தருகிறாய், அதற்கு என்ன கிடைக்கிறது, தொழுகைக்கு அனுமதி வாங்கிய ஒலிபெருக்கியில் வேறு அறிவிப்பு செய்ய யாரிடம் கேட்டாய் என்று ஒரு பகல் முழுக்கக் கேட்டார்கள். விசாரணைக்கு என்று மசூதியின் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி எடுத்துப் போனார்கள். இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று மசூதிக் குழுவினரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். குழுவில் இருந்த பெரியவர்கள் முஸ்தகீமிடம் பேசுவதை நிறுத்தினார்கள். அவன் கடைக்கு வரும் கூட்டமும் குறைந்தது. போலீஸ் வந்துபோன இடத்தில் போனைக் கொடுக்க யாருக்குத் தைரியம் வரும்?

உபேந்திர பாபுவும் நானும் எல்லை தாண்டி அந்த வட்ட அதிகாரியைப் பார்க்கப் போனோம். மூன்று மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தோம். நல்ல மாதிரியான மனிதர்தான், எங்களுக்கு டீ வரவழைத்தார்.

"நான் தப்பா ஒண்ணும் நெனைக்கல. ஆனா நீங்க எழுதியிருக்கறதப் பாருங்க. எல்லை, ஆத்துத் தண்ணி அளவு, வெளிநாட்டு அரசாங்கப் பணம். இதுல ஒண்ணு இருந்தாலே நான் மேல அனுப்பியாகணும். மூணும் ஒரே தாள்ல இருக்கு. அனுப்பாம வச்சிருந்தா நாளைக்கு என் வேலை போயிடும்" என்றார்.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். மேலே போன காகிதத்தைக் கீழே இருப்பவர் எப்படித் திருப்பித் தர முடியும் என்று அவர் என்னைக் கேட்டார். நாங்கள் வேற்று நாட்டுக்காரர்கள், வந்து பேசியதும் இப்போது கோப்பில் ஏறும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு சுக்மாயா என்னைக் கூப்பிட்டாள். வழக்கமாக எனக்குச் சொல்ல மாட்டாள்.

"தங்கச்சி, செவப்புக் கோடே தெரியல. தூண் பாதி உள்ள போயிருச்சு. தம்பிக்குச் சொல்லிட்டேன். அவன் குரல் ஒரு மாதிரியா இருந்துச்சு, நீயும் ஒருக்கா பேசிப் பாரு."

முஸ்தகீம் போனை எடுத்தபோது மூச்சு வாங்கியது.

"மைக் இல்லக்கா. கோயிலுக்குப் போனேன், பூசாரி உடனே தந்துட்டாரு, ஆனா கரண்ட் இல்ல. வீடு வீடாப் போய்க்கிட்டு இருக்கேன். வச்சிடுறேன்."

அந்தப் பக்கத்து வெள்ளக் கட்டுப்பாட்டு அறையின் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தேன். நெடுநேரம் அடித்த பிறகு ஒருவர் எடுத்தார். எங்கிருந்து பேசுகிறேன் என்று கேட்டார். நேபாளம் என்றேன். அங்கிருந்து வரும் எச்சரிக்கை எங்களுக்கு மேலிடத்து வழியாகத்தான் வர வேண்டும், இருந்தாலும் குறித்துக்கொள்கிறேன் என்றார். என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதற்கப்புறம் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ராஜ்பிராஜில் நல்ல வெயில். கீழே தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேசைமேல் போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உபேந்திர பாபு அறைக்குள் வருவதும் போவதுமாக இருந்தார்.

முஸ்தகீம் கமல்டீஹ் ஊருக்குள் பெரும்பாலான வீடுகளுக்குச் சொல்லிவிட்டான். சிலர் போலீஸ் விஷயத்தை நினைத்து அவனை வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் மேட்டில் ஏறினார்கள். தெற்குத் தோலாவுக்குப் போகும் மண்பாதையில் மோட்டார் சைக்கிள் சேற்றில் புதைந்தது. அதை விட்டுவிட்டு ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் கணுக்காலைத் தொட்டிருந்தது. ஏழு வருடமும் அந்த மக்களுக்கு மூன்று மணி நேரம் கிடைத்து வந்தது. அன்று இருபது நிமிடம்.

எல்லாரையும் மேட்டில் ஏற்றிவிட்டான். தோலாவில் பிஜ்லி குமாரி என்று ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு. அந்த வருடம்தான் பள்ளியில் அரசாங்கம் கொடுத்த பணத்தில் சைக்கிள் வாங்கியிருந்தாள். மேட்டில் ஏறின பிறகு சைக்கிளுக்காகத் திரும்பி இறங்கினாள். அவள் அம்மா கத்தியதை முஸ்தகீம் கேட்டிருக்கிறான். இடையில் இருந்த வாய்க்காலில் அதற்குள் ஆளுயரத் தண்ணீர். அவனுக்கு நீச்சல் தெரியும், இறங்கவும் இறங்கினான். மறுநாள் காலையில் மூங்கில் புதருக்குள் அவளைக் கண்டுபிடித்தார்கள். சைக்கிளின் கைப்பிடியை அவள் விட்டிருக்கவில்லை.

எனக்கு இதைச் சொன்னது சுக்மாயா. அவளுக்கு முஸ்தகீம் சொல்லியிருந்தான். எனக்கு அவன் போன் செய்யவில்லை.

செப்டம்பர் இரண்டாம் வாரம் நிதியுதவி அறிவித்த அந்த நாட்டிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர்கள் அரசாங்கம் வெளிநாட்டு உதவிகளை எல்லாம் மறு ஆய்வு செய்துகொண்டிருக்கிறது, அதனால் இந்த அறிவிப்பின் கீழ் வந்த எந்த விண்ணப்பமும் மேற்கொண்டு பரிசீலிக்கப்படாது. நாங்கள் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி. உபேந்திர பாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். எங்களுடையதை யாராவது திறந்தாவது பார்த்தார்களா என்று கேட்டார். அது அந்தக் கடிதத்தில் இல்லை.

ஒரு வாரம் கழித்து நான் கமல்டீஹுக்குப் போனேன். எல்லையில் என் பையைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை. கடையில் முஸ்தகீம் மட்டும்தான் இருந்தான். முழங்கையில் ஆறாத காயம். ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னான், பக்கத்துக் கடையிலிருந்து டீ வாங்கி வந்தான். விண்ணப்பம் நின்றுபோன கதையைச் சொன்னேன். அவன் கையிலிருந்த போனின் முதுகைத் திறந்துகொண்டே கேட்டான்.

"எல்லாம் என்னாலதான்" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க" என்றான். போனைக் கீழே வைத்துவிட்டு, "பிஜ்லியோட அம்மா தெனமும் இந்த வழியாத்தான் வேலைக்குப் போறாங்க. என்னைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஏதாவது திட்டினா தேவலன்னு இருக்கு" என்றான்.

நான் கிளம்பும்போது எழுந்து வாசல்வரை வந்தான்.

"ஒரே ஒரு உதவி செய்யுங்கக்கா. அந்தத் தாள்ல எல்லாம் என் பேரு இருக்குல்ல, படம் இருக்குல்ல? அத எடுத்துடச் சொல்லுங்க. ஸ்டேஷன்ல இன்னும் அதத்தான் கேக்குறாங்க, இன்னும் எங்கெங்க ஒன் பேரு இருக்குன்னு. சுக்மாயா அக்கா கூப்பிட்டா நான் எடுப்பேன், ஓடுவேன். ஆனா எழுத்துல வேண்டாம்."

சரி என்றேன். இதையாவது செய்துவிடலாம் என்று நம்பித்தான் சொன்னேன்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் இணையதளத்தைத் திறந்தேன். விண்ணப்பம் இருந்தது. திருத்தவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. உதவி மையத்துக்கு விவரமாக எழுதினேன். ஒரு மனிதனின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, அவனுடைய பெயரையும் படத்தையும் மட்டும் நீக்கினால் போதும் என்று எழுதினேன். நாலு நாளில் பதில் வந்தது, புதிதாக ஒருவரின் கையெழுத்தோடு. சமர்ப்பித்த ஆவணங்களை யாரும் மாற்ற முடியாது, விதிப்படி அவை குறிப்பிட்ட வருடங்களுக்குப் பாதுகாக்கப்படும். மறுபடியும் எழுதினேன். வேறொருவர் அதையே எழுதினார். மூன்றாவது கடிதம் திரும்பி வந்துவிட்டது. இந்த முகவரிக்கு வரும் அஞ்சலை இப்போது யாரும் பார்ப்பதில்லை என்று தானாக ஒரு வரி.

இரண்டு நாள் முஸ்தகீமைக் கூப்பிடாமல் தள்ளிப் போட்டேன். பிறகு கூப்பிட்டுச் சொன்னேன். எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். அவன் கடைக்கு யாரோ வந்திருந்தார்கள் போலிருக்கிறது, பின்னால் பேச்சுக்குரல் கேட்டது. போனை மறுபக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

"சரிக்கா. ஒங்களால முடிஞ்சதப் பாத்துட்டீங்க" என்றான். பிறகு, "அங்க வானம் எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

சன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. அதைச் சொன்னேன்.